நோயின் பெயர் ஒன்று, இயல்பு வேறு

பெருங்குடற் புற்றுநோய் கண்ட இருவரை எடுத்துக்கொள்வோம். கட்டியின் அளவும் அது பரவியிருக்கும் தூரமும் இருவருக்கும் ஒன்றே. ஆயினும் ஒருவருக்குப் பயன்தரும் மருந்து மற்றவருக்குப் பயனற்றுப் போகலாம். காரணம் யாது? விடை, கட்டியின் கலங்களிலுள்ள பரம்பரையலகுகளில் இருக்கிறது.

அவற்றுள் 'கேராஸ்' என்பது ஒன்று. கலத்தைப் பெருகச் செய்யும் கட்டளையை உள்ளே கடத்துவது அதன் தொழில். செற்றுக்சிமாப் என்னும் மருந்தோ கலத்தின் வெளிப்புறத்திலேயே அக்கட்டளையைத் தடுக்கிறது. விமலசுரேந்திர மின்நிலையத்தை அருகிற் கொண்ட நோட்டன் பிரிட்ஜ் வாசிகளுக்கு இதனை எளிதில் விளக்கலாம். சுவிச்சை அணைத்தாலும், அதற்கு அப்பால் கம்பி நேரே இணைந்திருந்தால் விளக்கு எரியுமன்றோ? கேராஸ் விகாரமடைந்த கட்டியின் நிலையும் அதுவே. நூறு கட்டிகளில் சுமார் 40இல் இவ்விகாரம் காணப்படுகிறது. 2008ஆம் ஆண்டளவில் இவ்வுண்மை தெளிவாயிற்று. அதன்பின், பரவிய நோய்க்கு இம்மருந்தைத் தொடங்குமுன் கட்டியைச் சோதிப்பது முறையாயிற்று.

இன்னோர் அடையாளமும் உண்டு. கலம் பிரியும்போது பரம்பரைச் செய்தி படியெடுக்கப்படுகிறது. அதில் நேரும் பிழைகளைத் திருத்தவும் அலகுகள் உள்ளன. நூற்றுக்குச் சுமார் 15 கட்டிகளில் இத்திருத்தம் நடைபெறுவதில்லை. இத்தகைய கட்டி இரண்டாங் கட்டத்தில் காணப்படின், நோயாளி தேறும் வாய்ப்பு அதிகம். வழமையான புளோரோயுராசில் மருந்தைத் தனியே கொடுப்பதால் வரும் நன்மை சொற்பம். நோய் பரவிவிட்டாலோ, உடலின் காப்புச் சக்தியைத் தூண்டும் பெம்புரோலிசுமாப் உதவக்கூடும். கட்டி தோன்றிய உறுப்பைப் பாராது இவ்வடையாளத்தையே கொண்டு அம்மருந்தை வழங்க அமெரிக்க அரசு 2017இல் அனுமதித்தது.

திருத்தும் அலகின் பழுது சிலருக்குப் பிறவியிலேயே அமைகிறது. 1895இல் அமெரிக்காவில் தையற்றொழில் செய்த ஒரு பெண், தன் குடும்பத்தார் பலர் புற்றுநோயால் மாண்டதை வார்தின் என்னும் பேராசிரியரிடம் கூறினாள். அவர் அக்குடும்பத்தின் வரலாற்றைத் தொகுத்து 1913இல் வெளியிட்டார். பின்னர் ஹென்றி லிஞ்ச் என்ற வைத்தியர் இத்தகைய குடும்பங்களை ஆராய்ந்தார். இப்பரம்பரை நோய் இன்று அவர் பெயரால் வழங்குகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இப்பழுது இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்புச் சரிபாதி. அத்தகையோரிற் பலர் 20 முதல் 25 வயதுக்குள்ளேயே குடலைக் குழாய்க் கருவியாற் சோதிக்கத் தொடங்க வேண்டும்.

ஆகவே தோட்டத்துக் குடும்பங்கள் மனங்கொள்ள வேண்டியவை சில. மலத்திற் குருதி கண்டால் மூலமென்று எண்ணி வாளாவிருத்தல் ஆகாது. டிக்கோயா வைத்தியசாலையிலேனும் உடனே காட்டுதல் வேண்டும். சத்திரசிகிச்சை நடந்திருப்பின் கட்டியின் சோதனை அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். மஹரகமவுக்குச் செல்லும்போது அதனையும் கொண்டு செல்லுங்கள். மேற்கூறிய சோதனைகள் தமக்குத் தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள். குடும்பத்தில் யார் யார் எந்த வயதில் குடல் நோயாலோ கருப்பை நோயாலோ இறந்தனர் என்பதையும் மூத்தோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்த ஒரு தாள், பேரப்பிள்ளைகளின் உயிரையும் காக்கக்கூடும்.