பதினைந்து படுக்கையும் ஐந்து லட்சமும்

கூரம் என்ற பெயரைக் கேட்டதும் வைஷ்ணவ அன்பர்களுக்குக் கூரத்தாழ்வானின் நினைவு வரும். சரித்திரத்தில் ஈடுபாடு உள்ளவர்களுக்குப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு நினைவுக்கு வரும். காஞ்சியை அடுத்த இச்சிற்றூரின் பெயரால் வழங்கும் அந்த 7-ம் நூற்றாண்டுச் சாசனம், ஒரு கிராமத்தை 25 பங்காகப் பிரிக்கிறது. கோயில் பூஜைக்கு இவ்வளவு என்று சொல்வதோடு நிற்காமல், மண்டபத்தில் தண்ணீரும் நெருப்பும் வைக்க ஒரு பங்கு, பாரதம் வாசிக்க ஒரு பங்கு என்றும் ஒதுக்குகிறது. பொதுத் தேவைக்கென்று ஒரு பங்கை முன்கூட்டியே எடுத்து வைக்கவேண்டும் என்னும் எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதன்று.

அந்தப் பங்கு வைத்தியத்துக்கும் சென்றதைக் காண, நாம் அதே ஜில்லாவில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலுக்குப் போகவேண்டும். அவ்வூர்ப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றைப் பற்றிக் கூறுகிறது. வைத்தியர் ஒருவர், ரண சிகிச்சை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர் இருவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் இருவர் முதலியோருக்கு நெல்லும் காசும் வகுத்திருந்தார்கள். 11-ம் நூற்றாண்டில் இது பெரிய காரியந்தான். ஆனால் அப்படுக்கைகள் கோயில் ஊழியர்களுக்கும் பாடசாலை மாணாக்கர்களுக்கும் ஏற்பட்டவை. வயலில் கூலிக்கு உழைத்தவனுக்கு ஏற்பட்டவை அல்ல.

ஏழைக்கு ஒரு வியாதி வந்தால் இரண்டு வியாதி வந்ததாகவே கொள்ளவேண்டும். ஒன்று உடம்பில், மற்றொன்று கடன். முதலாவது தீர்ந்தாலும் இரண்டாவது தீர்வதில்லை. கறவை மாடு போகும்; காதுத் தோடு அடகுக் கடைக்குப் போகும்; பையனின் படிப்பு நிற்கும். பணமில்லாத காரணத்தால் எவருக்கும் வைத்தியம் கிட்டாமற் போகக் கூடாது என்று 1946-லேயே போர் கமிட்டியார் வற்புறுத்தினார்கள். 1948-ல் ஆலைத் தொழிலாளிகளுக்காக இ.எஸ்.ஐ. சட்டம் பிறந்தது. வயற்கூலிக்கும், வீட்டுத் தறியில் பட்டு நெய்பவனுக்கும் அது எட்டவில்லை.

எட்டுவதற்கு அறுபது வருஷங்கள் ஆயின. 2009 ஜூலையில் தமிழ்நாட்டு அரசு, ஏழைக் குடும்பங்களுக்கென உயிர்காக்கும் சிகிச்சைக் காப்பீட்டைத் தொடங்கிற்று. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக விரிந்தது. பின்னர் மத்திய அரசின் 2018-ம் வருஷத்துத் திட்டத்துடன் இணைந்து, குடும்பம் ஒன்றுக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் என்று ஆயிற்று. 2022-ல் வருமான வரம்பும் ஆண்டுக்கு 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. பிரீமியத்தை அரசே கட்டிவிடுகிறது. ஏழை கொண்டுபோக வேண்டியது அட்டை ஒன்றுதான்.

இதனால் உயிர் பிழைக்கிறதா என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அண்டை மாநிலமான கர்நாடகத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. 2010-ல் அங்கே இத்தகைய திட்டத்தை முதலில் வடபகுதியில் மட்டும் கொண்டுவந்தார்கள். எல்லைக்கு இப்பால் திட்டம் உள்ள கிராமங்களையும், அப்பால் இல்லாத கிராமங்களையும் ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டு, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். திட்டத்தில் அடங்கிய நோய்களால் இறந்த ஏழைகள், திட்டம் இல்லாத ஊர்களில் 0.90 சதவீதம், உள்ள ஊர்களில் 0.32 சதவீதம். ஆஸ்பத்திரிக்குக் கைப்பணம் செலவழிப்பதும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

இனி, கடல் கடந்து அமெரிக்காவுக்குச் செல்வோம். ஆரிகன் மாகாணத்தில் 2008-ல் ஏழைகளுக்கான அரசாங்கக் காப்பீட்டில் இடம் கொஞ்சம், கேட்டவர்கள் அநேகம். ஆகவே குலுக்கல் போட்டார்கள். சீட்டு விழுந்தவர்களையும் விழாதவர்களையும் இரண்டு வருஷங்களுக்குப் பிறகு பரிசோதித்தபோது, காப்பீடு பெற்றவர்களிடையே பெருங்கடன் வைக்கும் வைத்தியச் செலவு அநேகமாக மறைந்திருந்தது. மனச்சோர்வு சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் இரத்த அழுத்தமும் கொழுப்பும் சர்க்கரையும் குறைந்ததாகத் திட்டமாய்ச் சொல்ல முடியவில்லை!

இவை ஒன்றுக்கொன்று முரண் என்று எண்ணவேண்டாம். கர்நாடகத்தில் பார்த்தது இருதய நோய், புற்றுநோய் போன்று பெரிய ஆஸ்பத்திரி இன்றித் தீராதவற்றை. ஆரிகனில் அளந்தது நாள்தோறும் மாத்திரை உண்டு, பல வருஷம் காத்து அடக்கவேண்டியவற்றை. அட்டை ஆஸ்பத்திரியின் கதவைத் திறக்கும். மாத்திரையை வேளை தவறாமல் வாயில் போடாது.

நம் திட்டமும் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உரியது. தினசரி மாத்திரைக்கு வேறு வழி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து இலவசம். 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்களின் வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுசெல்லும் ஏற்பாடு. இரண்டும் கைகோத்து நடந்தாலன்றிக் கூரத்துக் கூலியாளின் ஆயுள் நீளாது. மாத்திரையை விட்டவருக்குப் பின்னால் பக்கவாதமோ மாரடைப்போ வந்தால், 5 லட்ச ரூபாய் அட்டை கடனைத் தடுக்கலாம். போன கைகாலைத் திருப்பித் தருமென்று சொல்வதற்கில்லை.

இதில் படித்த குடும்பங்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. நம் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவளிடமும், நம் நிலத்தில் நாற்று நடுகிறவளிடமும் அட்டை இருக்கிறதா என்று கேட்போம். இல்லையெனில், கிராம நிர்வாக அதிகாரியிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையுடனும் ஆதாருடனும் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குச் செல்ல உதவுவோம். நோய் வந்தபின் ஓடுவதைவிட முன்பே ஓடுவது மேல். கூடவே, “இந்த மாதம் இரத்த அழுத்தம் பார்த்தாயா? மாத்திரை தீர்ந்துவிட்டதா?” என்றும் கேட்போம். இதற்குக் காசு செலவில்லை.