மௌனமான நிலையம், இரையும் பெட்டி

2007 ஒக்டோபரில் சூரியன் எஃப்.எம். உட்பட ஒரே நிறுவனத்தின் ஐந்து வானொலிகளின் அனுமதிப்பத்திரத்தை இலங்கை அரசாங்கம் இரத்துச் செய்தது. அம்பாந்தோட்டைப் பக்கம் விடுதலைப் புலிகள் தாக்கியதாகப் பொய்ச்செய்தி சொன்னார்கள் என்பது குற்றச்சாட்டு. ஒலிபரப்பு நின்ற அலைவரிசைக்கு, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அன்று வானொலி முள்ளைத் திருப்பியிருந்தால் ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல்தான் வந்திருக்கும்.

நிலையம் வாய்மூடினால் வானொலிப் பெட்டி ஏன் இரைகிறது?

பண்பலையில் (எஃப்.எம்.) குரல் அலையின் உயரத்தில் ஏறி வருவதில்லை. அதிர்வெண்ணின் சிறு அசைவில் வருகிறது. ஆகவே பெட்டி, வந்த சமிக்ஞையை வேண்டிய மட்டும் பெருக்கி, உயரத்தை ஒரே மட்டமாக வெட்டிவிடும். வலுத்த அலை இருக்கும்வரை சில்லறைச் சத்தங்கள் அதன் காலடியில் அடங்கிக் கிடக்கும். அலை போனதும் பெருக்க மிஞ்சுவது அவைதான்: பெட்டிக்குள் வெப்பத்தால் துள்ளும் இலத்திரன்களின் சலசலப்பு, பக்கத்து வீட்டு மின்கருவிகள், கொஞ்சம் பால்வீதியும்கூட!

இதில் ஒரு துப்பு உண்டு. இரைச்சலே இல்லாத சுத்த அமைதி என்றால் ஒலிபரப்புக் கோபுரம் உயிரோடுதான் இருக்கிறது. கோளாறு கலையகத்திலோ, அங்கிருந்து கோபுரத்துக்கு வரும் இணைப்பிலோ. இரைந்தால், அலைபரப்பியே நின்றுவிட்டது. சில புதிய பெட்டிகள் மட்டும் இரைச்சலைத் தாமே அடக்கி, இந்தத் துப்பைக் கெடுத்துவிடுகின்றன.