ஒரு பெயர், நூறு தபால்பெட்டி

1997 அக்டோபர் 14. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் ஓர் ஊழியருக்கு ஒரு சின்ன சந்தேகம். 'பெட்லம் டிஎல்3' என்ற மெயில் குழுவில் தன் பெயர் எதற்கு? நீக்கிவிடும்படி எழுதினார். அது அந்தக் குழுவுக்கே போனது. குழுவில் சுமார் 13,000 பேர். 'என்னையும் நீக்குங்கள்' என்று பலர் பதில் போட, 'எல்லோருக்கும் பதில் போடாதீர்கள்' என்று வேறு சிலர் எல்லோருக்கும் போட, ஒரு மணி நேரத்தில் சுமார் 1.5 கோடி மெயில்கள் பாய்ந்து சர்வர்கள் திணறின. கல்யாண வீட்டில் மைக் கை மாறினால் என்ன ஆகும் என்று அறிந்தவர்களுக்கு இது அதிசயமல்ல.

இத்தனைக்கும் மெயில் குழு என்பது அடிப்படையில் ஒரு ஃபைலில் உள்ள ஒரு வரி மட்டுமே. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் எழுதி, 1983இல் யூனிக்ஸுடன் வெளிவந்த 'சென்ட்மெயில்' புரோகிராம் இந்த வழக்கத்தைப் பரப்பியது. 'ஏலியாசஸ்' என்ற ஃபைலில் இடப்பக்கம் ஒரு பெயர், நடுவில் முக்காற்புள்ளி, வலப்பக்கம் முகவரிகள். 'கணக்கு' என்ற பெயருக்கு மெயில் வந்தால் வலப்பக்கம் உள்ள ஐந்து பேருக்கும் போய்விடும். 'கணக்கு' என்று ஒரு ஆள் இருக்க வேண்டியதில்லை.

வரியை மாற்றினால் மட்டும் போதாது. 'நியூஏலியாசஸ்' என்ற கமாண்டையும் தட்ட வேண்டும். சென்ட்மெயில் படிப்பது ஃபைலை அல்ல, அதிலிருந்து தயாரான அட்டவணையை. இதை மறந்தவர்கள் திருத்திய ஃபைலை முறைத்துக்கொண்டே இருக்க, மெயில் பழைய ஆளுக்கே போய்க்கொண்டிருக்கும். பெரிய குழு என்றால் முகவரிகளைத் தனி ஃபைலில் வைத்து, 'இன்குளூட்' என்று சுட்டிக்காட்டிவிடலாம். அந்தத் தனி ஃபைலில் ஆள் சேர்க்க, நீக்க நியூஏலியாசஸ் தேவையில்லை. முகவரி தவறித் திரும்பும் மெயில்கள் அனுப்பியவர் தலையில் விழாமல் இருக்க, குழுப் பெயருக்கு முன்னால் 'ஓனர்' சேர்த்து இன்னொரு வரி.

வரியின் வலப்பக்கம் ஆள்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை, புரோகிராமும் இருக்கலாம். வம்பு அங்கேதான். பழைய யூனிக்ஸ் கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் 'டிகோட்' என்ற ஏலியாஸ் தயாராகவே வந்தது. அதற்கு ஒரு மெயில் அனுப்பி, முன்பின் தெரியாத கம்ப்யூட்டரில் ஃபைல் எழுதிவிட முடிந்தது. அந்த வரியை எடுத்துவிடும்படி நிர்வாகிகளைப் பாதுகாப்பு நிபுணர்கள் எச்சரிக்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது, 'ஷெல்' கணக்கு வாங்கிய மாணவர்களுக்குக் கிடைத்தது படமில்லாத, எழுத்து மட்டும் ஓடும் திரைதான். மெயிலுக்கு அது தாராளம். அதே 1995இல் மலேசியத் தமிழர் பாலா பிள்ளை ஆஸ்திரேலியாவில் இருந்தபடி தமிழ்.நெட் மெயில் குழுவைத் தொடங்கினார். அப்போது ஒருவரின் ஃபான்ட்டில் எழுதியது அடுத்தவர் திரையில் புரியாத கிறுக்கலாகத் தெரியும். பொதுவான எழுத்து முறை வேண்டும் என்று மெயிலிலேயே நடந்த நீண்ட விவாதங்களில் பிறந்ததுதான் 'டிஸ்கி'. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழும் வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரமும் நண்பர்களும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஒரு நாட்டில் ஒருவர் பழைய நூலைத் தட்டச்சு செய்ய, இன்னொரு நாட்டில் வேறொருவர் பிழை திருத்தினார். சம்பளம் இல்லை, ஆபீஸ் இல்லை. மெயில் இருந்தது.

சென்ட்மெயிலுக்குப் போட்டியாக வீட்செ வெனிமா எழுதி 1998இல் வெளிவந்த 'போஸ்ட்ஃபிக்ஸ்' கூட ஏலியாசஸ் ஃபைலின் பழைய வடிவத்தை மாற்றவில்லை. வேலையை விட்டுப் போனவரின் பெயரும் பல ஆபீஸ்களில் அப்படியே மாறாமல் இருக்கிறது. அவருடைய சொந்த முகவரி ஏதாவது ஒரு குழுவில் ஒட்டிக்கொண்டிருந்தால், சம்பளப் பட்டியலும் டெண்டர் விலையும் அவர் வீட்டுக்கே போய்ச் சேரும். 'கிரெப்' கமாண்டில் அவர் முகவரியைக் கொடுத்தால் எந்தெந்த வரியில் இருக்கிறார் என்று நொடியில் காட்டும். ஏலியாசஸ் ஃபைலில் மட்டும் தேடிவிட்டுத் திருப்தி அடைந்தால், இன்குளூட் ஃபைலுக்குள் இருக்கும் அவர் தப்பிவிடுவார்.