இன்னும் ஏழு நிமிடங்கள்

2021 டிசம்பர் 8ஆம் நாள், சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து முற்பகல் 11.48க்கு எழுந்த உலங்குவானூர்தி 12.15 மணிக்கு வெலிங்டனில் இறங்கவேண்டியிருந்தது. ஏறக்குறைய 12.08க்குத் தொடர்பு அறுந்தது. குன்னூருக்கு அருகே மலைச்சரிவில் அது மோதி எரிந்தபோது, நஞ்சப்பசத்திரத்து எளிய மக்கள் வீட்டிலிருந்த கம்பளிகளையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். இந்திய முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் மாண்டனர். எதிர்பாராது மாறிய வானிலையால் முகிலுக்குள் நுழைந்த விமானி திசையுணர்வை இழந்தார் என்றது விசாரணை மன்றம்.

நமது புதுக்கடையிலிருந்து அதிக தூரமில்லாத ஹோகந்தரவிலும் 2014 டிசம்பர் 12ஆம் நாள் காலை விமானப்படையின் அன்டனோவ் விமானமொன்று வீழ்ந்தது. கட்டுநாயக்கவிலிருந்து இரத்மலானைக்குச் சிறு பயணம். பார்வைத் தெளிவு குன்றிய வேளை.

முகிலுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? அடிவானம் மறைந்தவுடன் நம் உட்செவி பொய்யுரைக்கத் தொடங்குகிறது. மெல்லச் சரிந்து இறங்குகையில் நேராகப் பறப்பதாகவும் மேலேறுவதாகவும் உடல் சாதிக்கும். கருவிகளை மட்டுமே நம்பப் பழகாத 20 பேரை வைத்து 1954இல் இலினோய் பல்கலைக்கழகம் ஓர் ஆய்வு நடத்தியது. வெளிக்காட்சி மறைந்தபின் சராசரியாக 178 வினாடிகளில் அவர்கள் கட்டுப்பாட்டை இழந்தார்கள். ஒரு அருள்நிறை மந்திரத்தைப் பத்து முறை சொல்லி முடிக்கும் நேரம்கூட இல்லை! அவர்களுக்குக் கற்பிக்க விரும்பிய பாடமும் ஒன்றே: வந்த வழியே திரும்புதல்.

கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் கத்தோலிக்கர். 2020 ஜனவரி 26ஆம் நாள், ஞாயிறு காலை, ஆலயத்தில் செபித்துவிட்டு மகளுடன் உலங்குவானூர்தியில் ஏறினார். கலிபோர்னியாவில் பனிமூட்டம் தாழ்ந்திருந்தது. வான் நைஸ் விமான நிலையம் சற்று முன்னர்தான் கடந்திருந்தது, அங்கே இறங்கியிருக்கலாம். முகிலுக்கு மேலே ஏறுவதாக விமானி அறிவித்தார். ஊர்தியோ இடப்புறம் சரிந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது பேரும் இறந்தனர். விமானிக்கு 8,500 மணி நேரத்துக்கும் மேற்பட்ட அனுபவம் இருந்தது. எவரும் அவரை வற்புறுத்தியதற்குச் சான்றில்லை. பயணியைச் சேர்ப்பித்துவிட வேண்டுமென அவர் தம்மீதே சுமத்திக்கொண்ட அழுத்தமே துணைபோயிருக்கலாம் என்றனர் விசாரணையாளர்.

செபித்தவருக்கு இப்படி நேரலாமா என்று அப்போது பலர் கேட்டார்கள். துயரத்தில் எழும் கேள்வி, குற்றமில்லை. ஆனால் செபம் முகிலைக் கலைக்கும் கருவியென்று திருச்சபை நமக்குக் கற்பித்ததில்லை. "தாமதமானாலும் பரவாயில்லை" என்று புறப்படுபவரிடம் வீட்டார் சொல்லும் ஒரு சொல், சிலவேளை அவர் திரும்பிவருவதற்குப் போதுமான துணிவைத் தரும்.

திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தை இன்றிரவு குடும்பமாக வாசித்துப் பாருங்கள். கிரேத்துத் தீவில் கப்பல் ஒதுங்கியிருந்தது. இப்போது புறப்பட்டால் பெருஞ்சேதம் என்றார் புனித பவுல். நூற்றுவர் தலைவரோ கப்பலோட்டியையும் கப்பல் உரிமையாளரையுமே நம்பினார். துறைமுகம் குளிர்காலத்துக்கு வசதியற்றது. அதே தீவின் பெனிக்சு துறைமுகத்தை அடைந்துவிட்டால் போதும். தென்றலும் இதமாக வீசிற்று. பின்னர் எழுந்த சூறாவளியில் சரக்கு கடலுக்குப் போயிற்று, கப்பல் உடைந்தது. 276 பேரும் நீந்தியும் பலகைகளைப் பற்றியும் மால்த்தா கரையேறினார்கள். அந்தக் கரையிலேயே மூன்று மாதங்கள், குளிர்காலம் கழியுமட்டும், காத்திருந்தார்கள்.