பில் பிரிண்டர் நின்றுவிட்டால் வியாபாரம் நிற்க வேண்டியதில்லை



2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபின், நம்மில் பலர் கைச்சிட்டையை விட்டு கம்ப்யூட்டர் பில்லுக்கு மாறினோம். ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சேலையூர் பக்கம் மாடியில் வீடும் கீழே கடையுமாக இருப்பவர்கள், பிள்ளைகளுக்கு வாங்கிய வீட்டுக் கம்ப்யூட்டரையே கல்லாவுக்கு இறக்கியதும் உண்டு. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் மாத முதல் வாரத்தில் கூட்டம் நிற்கும்போது பிரிண்டர் சாப்ட்வேர் முடங்கினால் என்ன செய்வது என்பதை நாம் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

பில் அச்சாகும் வழி

நாம் பட்டனை அழுத்தியதும் பில் நேராகப் பிரிண்டருக்குப் போவதில்லை. விண்டோஸில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்ற பகுதி அதை வாங்கி வரிசையில் வைக்கிறது. 'டிரைவர்' என்ற மென்பொருள் அதைப் பிரிண்டருக்குப் புரியும்படி மாற்றித் தருகிறது. கிடங்கில் சிட்டை வாங்கி வரிசைப்படி சரக்கு எடுத்துத் தரும் ஆளைப் போன்றது ஸ்பூலர். ஒரு சிட்டை கிழிந்து படிக்க முடியாமல் போனால், அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். பின்னால் வந்த சிட்டைகளெல்லாம் தேங்கிவிடும். பெரும்பாலான முடக்கம் இவ்வாறே ஏற்படுகிறது.

கோளாறு எங்கே?

முதலில் பிரிண்டரை மட்டும் சோதிக்க வேண்டும். பேப்பர் நகர்த்தும் பட்டனை அழுத்திப் பிடித்தபடி சுவிட்ச் போட்டால், பெரும்பாலான தெர்மல், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் தாமாக ஒரு சோதனைத் தாளை அச்சிடும். அது வராவிட்டால் கோளாறு பிரிண்டரில்தான். அது வந்து, நோட்பேடில் நாலு வரி அடித்தும் அச்சாகவில்லை என்றால் ஒயர், ஸ்பூலர், டிரைவர் ஆகியவற்றில் ஒன்றில் கோளாறு. நோட்பேடில் அச்சாகி பில் மட்டும் வரவில்லை என்றால் பில்லிங் சாப்ட்வேரின் அமைப்பைப் பார்க்க வேண்டும். இந்த மூன்று சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும்.

சரிசெய்யும் முறை

1. யு.எஸ்.பி. ஒயரை வேறு துளையில் செருகினால், விண்டோஸ் அதைப் புதுப் பிரிண்டராக எண்ணி 'காப்பி 1' என்று இன்னொரு பெயரைச் சேர்ப்பதுண்டு. பில் பழைய பெயருக்கே போய்த் தேங்கும். எனவே எப்போதும் ஒரே துளையில் செருகுங்கள்.

2. 'டீபால்ட்' பிரிண்டரை விண்டோஸே தேர்ந்தெடுக்கும் வசதியை நிறுத்தி வையுங்கள். இல்லையேல் பிள்ளைகள் கலர் பிரிண்டரில் படம் எடுத்தபின் கடை பில்லும் அங்கே போய்விடும்.

3. ஸ்பூலர் முடங்கினால், 'சர்வீசஸ்' பட்டியலில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை 'ஸ்டாப்' செய்யுங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று வரிசையாகத் திறந்து, கடைசி போல்டருக்குள் தேங்கிய பைல்களை மட்டும் அழியுங்கள். போல்டரை அழிக்கக் கூடாது. பின் 'ஸ்டார்ட்' கொடுங்கள்.

4. அதற்கும் மசியாவிட்டால், டிரைவரை நீக்கிவிட்டு பிரிண்டர் கம்பெனியின் சொந்த டிரைவரைப் புதிதாகப் போட வேண்டும்.

நேற்றுவரை ஓடியது இன்று நின்றால், இரவில் அப்டேட் வந்ததா என்று பாருங்கள். 2021 மார்ச்சில் வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின், சில பிரிண்டர்களுக்கு பிரிண்ட் கொடுத்ததும் கம்ப்யூட்டரே நீலத்திரை காட்டி நின்றது. அதே ஆண்டு ஜூலையில் யு.எஸ்.பி. வழியாக இணைந்த சில ரசீது, லேபிள் பிரிண்டர்கள் அச்சிட மறுத்தன. இரண்டையும் மைக்ரோசாப்ட் பிறகு சரிசெய்தது. இதற்காக அப்டேட்டையே நிரந்தரமாக நிறுத்துவது ஆபத்து. மேலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் கவனிக்கவும்.

பில் எண் பத்திரம்

இதைவிட முக்கியமானது கணக்கு. பிரிண்ட் வரவில்லை என்று ஒரே சரக்குக்கு மீண்டும் மீண்டும் புது பில் போட்டால், தாள் ஒன்று, கணக்கில் மூன்று என்றாகிவிடும். இல்லாத விற்பனைக்கு வரி கட்ட நேரிடும். முதலில் போட்ட பில் கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்த்து, ஏறியிருந்தால் அதையே மறுபடி அச்சிடுங்கள். தவறி விழுந்த பில்லை அழிக்காமல், ரத்து என்று காட்டி, ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவத்தில் ரத்தான ஆவணங்களின் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும்.

மொத்த வியாபாரிகளுக்கு இன்னும் ஒரு சங்கடம். சரக்கு கிடங்கைவிட்டுக் கிளம்பும் முன்போ, கிளம்பும்போதோ பில் இருக்க வேண்டும் என்பது சட்டம். பிரிண்டர் ஓடவில்லை என்ற காரணத்தை வழியில் வண்டியை மறிக்கும் அதிகாரி ஏற்க வேண்டியதில்லை. அபராதம் நம் தலையில். இதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளில் பில் எண் வைத்துக்கொள்ள ஜி.எஸ்.டி. விதி 46 இடம் தருகிறது. ஆகவே தனி முன்னெழுத்துடன் ஒரு கை பில் புத்தகத்தை, மூன்று பிரதிகளாக அச்சடித்துக் கல்லாவில் வையுங்கள். முதல் பிரதி வாங்குபவருக்கு, இரண்டாவது வண்டிக்கு, மூன்றாவது நமக்கு. பிரிண்டர் சரியானதும் அதே எண்ணில் கம்ப்யூட்டரில் ஒருமுறை மட்டும் ஏற்றுங்கள்.

கடைசியாக, 'பார்மட் செய்தால்தான் சரியாகும்' என்று யாராவது சொன்னால், கணக்கு முழுவதையும் பென் டிரைவில் எடுக்காமல் தலையாட்டாதீர்கள். ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காப்பது நமது கடமை. பிரிண்டரைப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். அழிந்துபோன பேரேட்டை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. தினமும் கடை அடைக்கும்போது கல்லாவை எண்ணுவதுபோல், அன்றைய கணக்கையும் ஒரு பிரதி எடுத்து வைப்போமாக.