எதிர்க்கேள்வி கேட்கும் நூலகர்

வாசகர் நாடி வரும் தகவலை உரிய நூலிலோ ஆவணத்திலோ கண்டறிய நூலகர் தனிப்பட்ட முறையில் செய்யும் உதவியை நூலகவியலார் குறிப்புதவிச் சேவை என்பர். அமெரிக்காவின் வூஸ்டர் நகரப் பொது நூலகராக இருந்த சாமுவேல் ஸ்வெட் கிரீன், வாசகரிடம் நூற்பட்டியலைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவது போதாது, நூலகர் அவரோடு பேசிப் பழகி உதவ வேண்டும் என்று 1876இல் வாதிட்டார். சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் இச்சேவையை நூலகத்தின் உயிர்நாடியாகவே கருதி, அதை உடனடி விடை தருவது, நெடுந்தேடல் என இரண்டாகப் பிரித்தார்.

இவற்றுள் முன்னதைக் கைப்பேசி எடுத்துக்கொண்டுவிட்டது. ஓர் ஆண்டையோ முகவரியோ அறிய எவரும் நூலகப் படியேற வேண்டியதில்லை என்பது நல்லதே. நெடுந்தேடலின் நிலை வேறு. வாசகர் தம் தேவையை அப்படியே சொல்வதில்லை, நூலகத்தில் என்ன கிடைக்கும் என்று நினைக்கிறாரோ அதற்கேற்பச் சுருக்கியே கேட்கிறார் என்பதை நூலகவியல் அறிஞர் ராபர்ட் டெய்லர் 1968இல் விளக்கினார். இந்து வாரிசுரிமைச் சட்டம் வேண்டும் என்று கேட்பவரிடம் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பழைய பதிப்பை நீட்டினால் கேட்டது கிடைத்துவிடும். ஆனால் பூர்வீகச் சொத்தில் தமக்குப் பங்குண்டா என அறிய வந்த மகளாக அவர் இருந்தால், மகள்களுக்குப் பிறப்பால் உரிமை தந்த 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தமும், 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தமும் அவர் கண்ணில் படாமலே போகும். முன்னது அப்போது மணமாகியிருந்த மகள்களுக்குப் பொருந்தாது என்பதால், எந்தக் காலத்துச் செய்தி வேண்டும் என்ற ஒரு சிறு எதிர்க்கேள்வியே அவரைச் சரியான பக்கத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. சட்ட ஆலோசனை சொல்வது நூலகர் வேலையன்று. உரிய ஆவணத்தைக் காட்டுவது அவர் கடமை.

மின்னஞ்சலில் இந்த எதிர்க்கேள்விக்கு ஒரு நாள்கூட ஆகலாம். இணைய உரையாடலில் வாசகரின் முகம் தெரிவதில்லை. செயற்கை நுண்ணறிவோ பெரும்பாலும் சுருங்கிய கேள்விக்கே சரளமாக விடை சொல்லிவிடுகிறது. நூலகங்கள் இக்கருவிகளைத் தயங்காமல் ஏற்கலாம். ஆனால் வினாப் படிவத்தில் தலைப்பைக் கேட்பதோடு நிறுத்தாமல், ஏற்கெனவே எவற்றைப் பார்த்தார், எவ்வளவு விரிவாக வேண்டும் என்றும் கேட்க வேண்டும். தேவைப்பட்டால் ஒரு நூலகரைத் தொலைபேசியில் அழைக்கவும் அதில் வழி இருக்க வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று துருவுவது மட்டும் கூடாது. நோய், கடன், மணமுறிவு பற்றிப் படிக்க வருபவர் அந்த ஒரு கேள்விக்கு அஞ்சியே திரும்பிவிடக்கூடும்.