படம் திருத்த ஒரு டிஸ்க், படம் காக்க வேறு டிஸ்க்

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத் திருவிழாவின் உச்சம் பஞ்சரத பவனி. ஐந்து தேர்களும் வீதி சுற்றி வரும் அந்த நாளில், கமராவும் கையுமாக நிற்கும் ஒருவர் இரண்டாயிரம் படம் எடுத்துவிடுவது புதுமை இல்லை. 24 மெகாபிக்சல் கமராவில், தரம் குறையாத ரா கோப்பாக எடுத்தால் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 30 எம்.பி. பிடிக்கும். பெருக்கிப் பாருங்கள்: ஒரே நாளில் 60 ஜி.பி.

ஸ்டூடியோவுக்குத் திரும்பி அவற்றைப் படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் ஏற்றும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. அடுத்த படத்துக்குப் போக அம்புக்குறியை அழுத்தினால், படம் முதலில் மங்கலாக வந்து, இரண்டு விநாடி கழித்தே தெளிகிறது. இரண்டாயிரம் படத்துக்கும் இப்படிக் காத்திருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வீணாகப் போய்விடும். கணினி பழசாகிவிட்டது என்று எண்ணிப் புதிது வாங்கப் பலர் கிளம்பிவிடுகிறார்கள். பல நேரங்களில் மாற்ற வேண்டியது கணினியை அல்ல, டிஸ்க்கையும் அதில் எதை எங்கே வைத்திருக்கிறோம் என்பதையும்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. பல ஸ்டூடியோக்களில் பல வருடத்துக் கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா எல்லாம் ஒரே டிஸ்க்கில் கிடக்கின்றன. அது பழுதானால் ஓர் ஊரின் நினைவே போய்விடும். திருத்தும் வேலைக்கு வேகம் வேண்டும். காக்கும் வேலைக்குப் பிரதிகள் வேண்டும். இரண்டையும் ஒரே டிஸ்க்கிடம் கேட்கக் கூடாது.

சுழலும் தட்டும் சுழலாத சிப்பும்

ஹார்ட் டிஸ்க்குக்குள் காந்தப் பூச்சுப் பூசிய தட்டு நிமிடத்துக்கு 7,200 தடவை சுழல்கிறது. தட்டைத் தொடாமல், அதற்கு மேலே ஒரு சிறு கை உள்ளும் புறமும் அசைந்து தகவலைப் படிக்கிறது. ஒரு கோப்பு வேண்டுமென்றால் கை முதலில் உரிய வட்டத்துக்கு நகர வேண்டும். பிறகு, உரிய இடம் சுழன்று கைக்குக் கீழே வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி ஆகும். சராசரியாக அதில் பாதி, காத்திருப்பிலேயே கழியும். கை நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு தேடலுக்கு 12 மில்லி விநாடி அளவில் போகிறது. ஆகவே விநாடிக்கு எண்பது தேடல் என்பதே அதனால் இயன்றது. கையில் எடுத்துச் செல்லும் சிறிய டிஸ்க்குகள் பெரும்பாலும் 5,400 தடவைதான் சுழல்கின்றன. அவற்றின் கணக்கு இன்னும் குறைவு.

இன்னொரு வகை டிஸ்க்கான எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே கிடையாது. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தின் பொறியியலாளர் ஃபுஜியோ மசுஒகா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம்தான் அதன் அடிப்படை. சிலிக்கன் சிப்பின் நுண்ணிய அறைகளில் இலத்திரன்களை அடைத்து வைத்து, அந்த மின்னூட்டத்தின் அளவைக் கொண்டு தகவலைக் குறிக்கிறது. எந்த அறையில் இருப்பதையும் எடுக்க ஏறத்தாழ 0.1 மில்லி விநாடி போதும். தேடலில் இது ஹார்ட் டிஸ்க்கைவிட நூறு மடங்குக்கும் மேல் வேகம்.

ஆனால் பெரிய கோப்பு ஒன்றை வரிசையாகப் படிப்பதில் ஹார்ட் டிஸ்க் அவ்வளவு பின்தங்கியது அல்ல. விநாடிக்கு 150 முதல் 250 எம்.பி. வரை தரும். 30 எம்.பி. ரா கோப்பைப் படிக்க அதற்குக் கால் விநாடிகூட வேண்டாம். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. 550 எம்.பி. வரையும், என்.வி.எம்.இ. வகை 3,500 அல்லது 7,000 எம்.பி. வரையும் தரும் என்பது உண்மைதான். ஆனால் படம் திருத்துபவருக்கு இந்தப் பெரிய எண்களைவிட அந்த 12 மில்லி விநாடிக்கும் 0.1 மில்லி விநாடிக்கும் உள்ள வேறுபாடே முக்கியம். ஏன் என்பதற்கு மென்பொருளின் உள்ளே பார்க்க வேண்டும்.

மென்பொருள் எதை எங்கே தேடுகிறது?

லைட்ரூம் உங்கள் ரா கோப்பைத் தொட்டு மாற்றுவதில்லை. வெளிச்சத்தைக் கூட்டியது, ஓரத்தை வெட்டியது, வானத்தை நீலமாக்கியது எல்லாவற்றையும் கேட்டலாக் என்ற தனித் தரவுத்தளத்தில் குறித்துவைக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிளும் இப்படித்தான் வேலை செய்கிறது. படம் ஒன்றை நட்சத்திரமிட்டுத் தெரிவு செய்யும் ஒவ்வொரு முறையும் அந்தத் தரவுத்தளத்தில் சிறு சிறு எழுத்து வேலைகள் நடக்கின்றன.

அடுத்தது பிரிவியூ. திரையில் சட்டென்று காட்டுவதற்காக மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் சிறிய பிரதிகளை முன்கூட்டியே தயாரித்து வைக்கிறது. இவை ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள். ரா கோப்பை விரித்துப் பார்த்ததன் மிச்சத்தைச் சேமிக்கும் கேஷ் ஒன்றும் உண்டு. ஃபோட்டோஷாப்போ, ராம் போதாதபோது ஸ்கிராட்ச் டிஸ்க் என்று ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, அதில் விடாமல் எழுதி அழித்துக்கொண்டே இருக்கும்.

இப்போது கணக்குத் தெளிவாகும். ரா கோப்பு பெரியது, வரிசையாகப் படிக்கப்படுவது. ஹார்ட் டிஸ்க் அதைச் சமாளிக்கும். கேட்டலாக், பிரிவியூ, கேஷ் மூன்றும் சிறு தேடல்களின் குவியல்; அங்கேதான் ஹார்ட் டிஸ்க்கின் கை மூச்சுத் திணறுகிறது.

ஆகவே அடுக்கும் முறை இப்படி இருக்கட்டும். விண்டோஸ், மென்பொருள், கேட்டலாக், பிரிவியூ, கேஷ், ஸ்கிராட்ச் எல்லாம் கணினிக்குள் இருக்கும் எஸ்.எஸ்.டி.யில். இப்போது கையில் இருக்கும் வேலையின் ரா கோப்புகளும் அதிலேயே, அல்லது இரண்டாவது எஸ்.எஸ்.டி.யில். ஒப்படைத்து முடித்த வேலைகளின் ரா கோப்புகள் பெரிய ஹார்ட் டிஸ்க்கில். லைட்ரூமின் கேமரா ரா கேஷ் முதலில் 5 ஜி.பி. என்று வைக்கப்பட்டிருக்கும், அதை 20 ஜி.பி.க்கோ அதற்கு மேலோ உயர்த்துங்கள். படங்களை ஏற்றும்போதே பிரிவியூக்களைத் தயாரிக்கச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வந்து தெரிவு செய்யும்போது காத்திருக்க வேண்டியிராது. ஸ்மார்ட் பிரிவியூவும் தயாரித்துக்கொண்டால், நீளப் பக்கம் 2,560 பிக்சல் கொண்ட பிரதிகள் கிடைக்கும். ரா கோப்புள்ள டிஸ்க் இணைக்கப்படாமலே திருத்தலாம்.

வெளி டிஸ்க்கை விண்டோஸில் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இன்று இ என்று வந்த டிஸ்க், நாளை வேறொரு பென் டிரைவ் முந்திக்கொண்டால் எஃப் என்று வரலாம். லைட்ரூமில் கோப்புறைகள் எல்லாம் கேள்விக்குறியோடு நிற்கும். படம் அழிந்துவிட்டது என்று நெஞ்சு பதறும். எதுவும் அழியவில்லை, முகவரி மாறிவிட்டது, அவ்வளவுதான். டிஸ்க் மேனேஜ்மென்டில் போய், அந்த டிஸ்க்குக்கு அகர வரிசையின் பின்பகுதி எழுத்து ஒன்றை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டால் இது நேராது.

கடையில் கேட்க வேண்டியவை

எஸ்.எஸ்.டி. வாங்கும்போது வேக எண்ணைவிட, டி.எல்.சி.யா கியூ.எல்.சி.யா என்று கேளுங்கள். முன்னது ஓர் அறையில் மூன்று பிட் வைக்கிறது, பின்னது நான்கு. நான்கு பிட்டைப் பிரித்தறிய 16 மின்னூட்ட அளவுகள் வேண்டும். அதனால் எழுதுவது மெதுவாகிறது, தேய்மானமும் கூடுகிறது. விலை குறைந்த கியூ.எல்.சி.யில் 60 ஜி.பி.யை ஒரே மூச்சில் கொட்டினால், தொடக்க வேகத்தைத் தரும் தாங்கற்பகுதி நிரம்பியதும் சில மாடல்கள் ஹார்ட் டிஸ்க்கைவிடவும் மெதுவாகிவிடுகின்றன. எந்த எஸ்.எஸ்.டி.யையும் விளிம்புவரை நிரப்பாதீர்கள். பத்தில் இரண்டு பங்கு காலியாக இருக்கட்டும். பழையதை அழித்துப் புதியதை எழுத அதற்கு இடம் வேண்டும்.

ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது சி.எம்.ஆரா எஸ்.எம்.ஆரா என்று பாருங்கள். எஸ்.எம்.ஆர். வகையில் தகவல் தடங்கள் கூரை ஓடு வேய்ந்ததைப் போல ஒன்றின் விளிம்பை மற்றது மூடிக் கிடக்கும். கீழ் ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் மேல் ஓடுகளையும் எடுத்து மீண்டும் வேய வேண்டும். ஒருமுறை எழுதி அலுமாரியில் வைக்கும் பிரதிக்கு இது போதும். தினமும் எழுதி அழிக்கும் வேலைக்குப் பொருந்தாது; அதற்குத் தடங்கள் ஒன்றையொன்று மூடாத சி.எம்.ஆர். வகையே ஏற்றது.

கேபிளையும் மறக்க வேண்டாம். பழைய யூ.எஸ்.பி. 2 துளையில் செருகினால் விநாடிக்கு 35 எம்.பி. அளவே கிடைக்கும், 60 ஜி.பி. நகர அரை மணி நேரம் ஆகும். யூ.எஸ்.பி. 3 துளையும் அதற்குரிய கேபிளும் இருந்தால், 120 எம்.பி. தரும் ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க்கே எட்டரை நிமிடத்தில் முடித்துவிடும்.

மின்வெட்டும் மலையும்

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் நின்றது. எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் மின்சாரம் போனால் கேட்டலாக் பழுதாகலாம். மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு யூ.பி.எஸ். ஆடம்பரம் இல்லை. டிஸ்க்கை ஃபார்மட் செய்யும்போதும் இதை நினைவில் வையுங்கள். எக்ஸ்ஃபாட் முறை விண்டோஸுக்கும் மேக்குக்கும் பொதுவானது. ஆனால் எழுதும் வேலை பாதியில் அறுந்தால் மீள உதவும் குறிப்பேடு அதில் இல்லை. விண்டோஸ் மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு என்.டி.எஃப்.எஸ். பாதுகாப்பானது.

ரெய்ட் முறையில் இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரம் எழுதினால் பாதுகாப்பு என்று சிலர் நம்புகிறார்கள். ஒரு டிஸ்க் பழுதானால் அது கைகொடுக்கும். ஆனால் தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் இரண்டிலும் அழியும். பருவ மாற்றக் காலத்துப் பின்னேர இடி மின்னல் மின்கம்பி வழியே வந்தாலும் இரண்டும் ஒன்றாகவே போகும். பேக்கப் டிஸ்க் என்பது கணினியிலிருந்து கழற்றி வைக்கப்பட்ட டிஸ்க். ஈரம் மிகுந்த ஊரில் அதை இறுக மூடும் பெட்டியில், சிலிக்கா ஜெல் பையோடு வைப்பது நல்லது.

அந்தப் பெட்டிக்கு எஸ்.எஸ்.டி.யைவிட ஹார்ட் டிஸ்க்கே மேல். அடைத்து வைத்த இலத்திரன்கள் மின்சாரம் இல்லாமல் நெடுநாள் இருந்தால் மெல்லக் கசியும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். எழுதும் ஆயுளை முழுதும் முடித்துவிட்ட சாதாரண எஸ்.எஸ்.டி., 30 பாகை வெப்பத்தில், மின்சாரமின்றி ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதே சிப்புகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் விதி. புதியது அதைவிட நெடுங்காலம் தாங்கும். ஆனாலும் பத்து வருடம் அலுமாரியில் கிடக்கப் போகும் பிரதிக்கு அது ஏற்ற இடம் அல்ல.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைப் புரட்டிப்போட்டது. மாத்தளை மாவட்டத்திலும் மண்சரிவும் வெள்ளமும் உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோயின. வீடே போகும்போது, அதே வீட்டில் இருக்கும் பேக்கப்பும் போகும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரவலாக்கிய 3-2-1 விதியின் கடைசி எண் இதற்காகத்தான்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அவற்றில் ஒன்று வேறு இடத்தில்.

மாத்தளை மண்ணுக்கு இந்தப் பாடம் புதிது அல்ல. நகரிலிருந்து ஏ9 வீதியில் சிறிது தூரம் வடக்கே போனால் அலுவிகாரை. பஞ்சமும் போரும் மனப்பாடம் செய்தவர்களைக் கொண்டுபோய்விடும் என்று அஞ்சி, அதுவரை வாய்வழியாகக் காத்த பௌத்த மறைநூலான பாளித் திரிபிடகத்தை, கி.மு. முதலாம் நூற்றாண்டில் மன்னன் வட்டகாமினி அபயன் காலத்தில் பிக்குகள் ஓலையில் எழுதிய இடம் அது என்பது மரபு. 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது பிரித்தானியப் படை அங்கிருந்த ஏட்டுச் சாலையை அழித்தது. நூல் அழியவில்லை. நாட்டின் பிற விகாரைகளிலும், பர்மாவிலும், சயாமிலும் அதன் பிரதிகள் இருந்தன. ஓலையின் உறுதியைவிட, பிரதிகள் ஊர் ஊராகப் பரவியிருந்ததே அதைக் காத்தது.

இன்றைய ஸ்டூடியோவுக்கு இதைச் செய்வது கடினமில்லை. 60 ஜி.பி.யை விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் இணையத்தில் ஏற்ற 13 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாதக் கட்டணமும் உண்டு. ஒப்படைத்த ஜே.பெக் படங்களையும் கேட்டலாக்கையும் மட்டும் இணையத்தில் ஏற்றுங்கள். ரா கோப்புகளுக்கு இரண்டு டிஸ்க் வாங்கி, ஒன்றைக் கண்டியிலோ கொழும்பிலோ இருக்கும் உறவினர் வீட்டில் வையுங்கள், போகும்போது மாற்றிக்கொள்ளலாம். இரண்டு பிரதி ஆகும்வரை மெமரி கார்டை அழிக்காதீர்கள். லைட்ரூம் கேட்கும்போது எடுக்கும் பேக்கப்பில் கேட்டலாக் மட்டுமே இருக்கும், படங்கள் இருக்காது என்பதையும் மனத்தில் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை பேக்கப் டிஸ்க்கில் சில கோப்புறைகளைத் திறந்து, படம் உண்மையில் விரிகிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

கையில் பணம் குறைவென்றால் வரிசை இதுதான்: இன்று ஒரே பிரதியாக இருக்கும் படங்கள் எவை என்று பட்டியல் போடுங்கள்; முதலில் அவற்றுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். வேகமான எஸ்.எஸ்.டி.யை அடுத்த மாதமும் வாங்கலாம். அழிந்த படத்தை எந்த மாதத்திலும் வாங்க முடியாது.